எதுக்கும் இருக்கட்டும்

அக்காவுக்கு எதிலும் ஒன்று போதாது. டைப் செய்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் சேவ் செய்வார், பென் டிரைவில் ஏற்றுவார், பிறகு தன் மெயிலுக்கே ஒரு தடவை அனுப்பிக்கொள்வார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் கைப்பையில் குடை இருக்கும். குடை கிழிந்துவிட்டால் தலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கவரும் மடித்து வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டு டப்பாவில் ஒரு ஆளுக்கு மேலேயே சோறு இருக்கும். யாருக்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திடீரென்று யாராவது வந்துவிட்டால்?

“எதுக்கும் இருக்கட்டும் தம்பி” என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். தேரடி வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் எங்கள் டிடிபி கடை. நான் டிசைன், அக்கா தமிழ் டைப்பிங். முதலாளி வாசலில் உட்கார்ந்து ஆர்டர் வாங்குவார். பௌர்ணமி வந்தால் அன்னதான பேனர், முகூர்த்த மாதம் வந்தால் பத்திரிகை, எல்லா மாதமும் கண்ணீர் அஞ்சலி. ஆட்கள் தலைமேல் நின்றுகொண்டு அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் அக்கா நிதானமாகப் பென் டிரைவைத் தேடிக்கொண்டிருப்பார். “உங்க பென் டிரைவுக்கு ஒரு பென் டிரைவ் வாங்கலையா?” என்று கேட்பேன். கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்கினால் நல்லதுதான் என்பதுபோல யோசிப்பார். ஒரு தடவை கடை ஹார்ட் டிஸ்க் செத்துப்போய், அக்காவின் பென் டிரைவில் இருந்த ஃபைலால்தான் ஒரு கல்யாணப் பத்திரிகை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு முதலாளி கிண்டலை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததா, வீட்டுக்காரர் காணாமல் போன பிறகு வந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் காணாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கட்டடங்களில் சென்ட்ரிங் அடிக்கிற வேலைக்காரர். பெங்களூருக்குப் போவதும் மாதக்கணக்கில் தங்குவதும் வழக்கம்தான். ஒரு தடவை போனவர் திரும்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அணைந்தது, பிறகு அந்த நம்பரை வேறு யாரோ எடுத்துக் கன்னடத்தில் பேசினார்கள். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஓசூர் பஸ்ஸில் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்றார் ஒருவர். சாரத்திலிருந்து விழுந்த ஒரு ஆளை எங்கேயோ தூக்கிப்போனார்கள், அது இவராக இருக்கலாம் என்றார் இன்னொருவர். போலீஸில் எழுதிக் கொடுத்ததற்கும் ஒரு பதிலும் வரவில்லை. குழந்தை கிடையாது. அவலூர்பேட்டை ரோட்டில் இருந்த வாடகை வீட்டை அக்கா மாற்றவே இல்லை. கூரை ஒழுகினாலும் மாற்றவில்லை. போன் நம்பரையும் மாற்றவில்லை. தெரியாத நம்பரிலிருந்து கால் வந்தால், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம்கூடக் கடைசி வரை பேசிவிட்டுத்தான் வைப்பார்.

ஒரு மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரம். அக்கா தன் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பக்கத்தில் இருந்த அக்காவை வெட்டிவிட்டு ஆளை மட்டும் தனியாக எடுத்திருந்தார். தடித்த மீசை, கோட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகம்.

“இதுல கொஞ்சம் நரை போட முடியுமா தம்பி?”

“எதுக்குக்கா?”

“இப்ப வயசாயிருக்கும் இல்ல. பழைய போட்டோவ போட்டா யாருக்கு அடையாளம் தெரியும்?”

நான் காதோரம் வெள்ளையடித்தேன், மீசையிலும் கொஞ்சம் தட்டினேன். அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இவ்ளோ வேணாம். அவங்க வீட்ல யாருக்கும் சீக்கிரம் நரைக்காது” என்றார். குறைத்தேன். அந்த முகத்தை வைத்து ‘காணவில்லை’ நோட்டீஸ் ஒன்று தயாரானது. வருடா வருடம் அதில் வயதை ஒன்று கூட்டுவாராம், நரை மட்டும் இந்த வருடம் புதிது.

அது முடிந்ததும் நான் எழுந்து போயிருக்கலாம். போகாமல் நின்றதால் அடுத்ததையும் பார்த்தேன். அதே போட்டோ, நரை போடாதது, இன்னொரு ஃபைலில் இருந்தது. சுற்றிலும் எரிகிற மெழுகுவர்த்தி பார்டர், மேலே சிலுவை, கீழே நித்திய இளைப்பாற்றி ஜெபம். கண்ணீர் அஞ்சலிக்கு நான் போட்டுத்தரும் அதே பார்டர்தான். பிறந்த தேதி இருந்தது. இறந்த தேதிக்கு நேராக ஒன்றும் இல்லை.

உயிரோடு இருக்கக்கூடிய ஒரு ஆளுக்கு மெழுகுவர்த்தி பார்டர் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்யாத காரியம்.

“கல்லறைத் திருநாளுக்கு” என்று அக்கா மெதுவாகச் சொன்னார். “கோயில்ல எல்லாரும் அவங்கவங்க வீட்ல செத்தவங்க போட்டோவ பீடத்துக்கு முன்னாடி வெப்பாங்க. நமக்கு மட்டும் வெக்காம உட்டுட்டு, அவரு ஒருவேளை போயிருந்தா?”

அக்கா ஆர்.சி. கிறிஸ்தவர். அவருடைய பயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு நாள் பிடித்தது. எனக்குத் தெரிந்த கிறிஸ்தவம் எல்லாம் போஸ்டரில் போடுகிற வாசகம்தான். நம் ஆட்கள் என்றால் இயற்கை எய்தினார், சிவலோகப் பதவி அடைந்தார். ஆர்.சி.க்கு இறைவனில் இளைப்பாறினார். லூத்தரன் சபைக்காரர்கள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று போடச் சொல்வார்கள். பெந்தெகொஸ்தேக்காரர்களுக்கு மகிமைக்குள் பிரவேசித்தார். எனக்கு எல்லாமே எழுத்துதான், நீளமாக இருந்தால் ஃபான்ட் சைஸைக் குறைப்பேன். அக்கா அந்த வாசகத்தை டைப் செய்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“எல்லாரும் ஒரே ஏசு சாமியத்தான கும்புடறீங்க? செத்தவரு எங்க போனாருன்றதுல மட்டும் ஏன்க்கா ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க?” என்று கேட்டேன்.

டீ ஆறிக்கொண்டிருக்க, அக்கா எனக்கு விளக்கினார். அவர்கள் சபையில் மோட்சம், நரகம் இரண்டோடு உத்தரிக்கிற ஸ்தலம் என்று நடுவில் ஒன்று உண்டு. நேராக மோட்சத்துக்குப் போகிற அளவு சுத்தமும் இல்லாமல், நரகத்துக்குப் போகிற அளவு கெட்டவர்களாகவும் இல்லாமல் செத்தவர்கள் அங்கே நெருப்பில் நின்று அழுக்குப் போக்கிக்கொள்ள வேண்டும். “நம்மள மாதிரி ஆளுங்கதான் அங்க ஜாஸ்தி” என்றார். அங்கே இருக்கிறவர்கள் தங்களுக்காக எதுவும் செய்துகொள்ள முடியாது. இங்கே இருக்கிறவர்கள் பூசை வைத்து, ஜெபம் சொல்லி அவர்களை மேலே தூக்கிவிட வேண்டும். வீட்டுக்காரர் குடிப்பார். கோயில் வாசலை மிதித்து வருடக்கணக்காகிறது. ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார். “மனசு கெட்ட மனுஷன் இல்ல தம்பி. ஆனா நேரா மேல போற மனுஷனும் இல்ல.”

“எங்க ஊரு சாமி இதுல மேலுக்கா” என்று சீண்டினேன். “நெனைச்சாலே முக்தி. நெருப்பும் இல்ல, பூசையும் இல்ல.”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து மலையில் பாதி தெரியும், மீதியை ஒரு லாட்ஜ் மறைத்துவிடும்.

“நெனைச்சா கெடைக்கும் சரி” என்றார். “நெனைக்கவே ஆளு இல்லாம போயிட்டா?”

டீக்காரனைக் கூப்பிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

யார் என்ன சொன்னாலும் அக்கா அதையும் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வார். லூத்தரன் சபை ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மனைவியின் நினைவு நாள் அட்டைக்கு வந்திருந்தார். உத்தரிக்கிற ஸ்தலம் எல்லாம் கிடையாதும்மா என்றார் அவர். “அவ தூங்கறா. கடைசி நாள்ல எக்காளம் ஊதுவாங்க, அப்ப எழுந்துப்பா. அதுவரைக்கும் வலியும் தெரியாது, நேரமும் தெரியாது.” அவர் போன பிறகு அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. “அப்படி இருந்தா எவ்ளோ நல்லது தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரில தூக்கமே வராது. புரண்டுனே இருப்பாரு.” அந்தத் தெளிவு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, “தூங்கறாருன்னு நெனைச்சு நாம சும்மா இருந்து, அப்படி இல்லாம போயிட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்காவுக்கு ஒரு தம்பி உண்டு. கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். வாலிபத்திலேயே ஆர்.சி.யை விட்டுப் பெந்தெகொஸ்தேக்குப் போய், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்னச் சபைக்குப் பாஸ்டராக இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பைக்கில் மாட்டிய ஒரு பை. என்னைப் பிரதர் என்றுதான் கூப்பிடுவார். அக்காமேல் உயிர். வரும்போதெல்லாம் வேர்க்கடலையோ கீரையோ கொண்டுவந்து தருவார். ஆனால் அக்காவின் கழுத்தில் ஜெபமாலையைப் பார்த்தால் அவர் முகம் மாறிவிடும். அவருக்கு நடுவில் எந்த இடமும் கிடையாது. செத்த நொடியே ஒன்று அந்தப் பக்கம், இல்லையென்றால் இந்தப் பக்கம். செத்தவர்களுக்காக ஜெபிப்பது வீண் வேலை மட்டும் இல்லை, பாவம்.

உயிரோடு இருப்பவர்களுக்காக ஜெபிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்து, மாமா மனம் திரும்பி வீடு வந்து சேர வேண்டும் என்று சபையோடு முழங்காலில் நிற்பார். ‘காணவில்லை’ நோட்டீஸை வருடா வருடம் வாங்கிப்போய் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிற பாஸ்டர்களிடம் கொடுத்து ஒட்டச் சொல்வார்.

இப்போது அக்காவின் நிலைமை புரிந்திருக்கும். வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்றால் தம்பியின் ஜெபம் நின்றுவிடும். உயிரோடு இருக்கிறார் என்றால் செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்தும பூசை வைக்க முடியாது. அதனால் கோயிலில் அவர் விதவைபோல, தம்பியிடம் சுமங்கலிபோல. சிலுவை கோத்த தாலி ஒன்று கழுத்தில் கிடந்தது. ஆத்தும பூசைக்குப் போகிற நாளில் அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொள்வார். வாசலில் தம்பியின் பைக் சத்தம் கேட்டால் வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வார். இதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வருடம் கல்லறைத் திருநாளும் தீபத்துக்கான பேனர் வேலைகளும் ஒன்றாக வந்து எங்களைப் பிழிந்தெடுத்தன. பாஸ்டர் நோட்டீஸுக்காக வந்து வாசலில் நின்றார். பைக்கை அணைக்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு காக்கிக் கவர்கள் அக்காவின் மேஜைமேல் இருந்தன. எதையும் இரண்டு தடவை திறந்து பார்க்கிற மனுஷி, அன்றைக்குப் பார்க்காமல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அரை மணி நேரத்தில் பைக் திரும்பி வந்தது. பாஸ்டர் உள்ளே வந்து கவரை மேஜைமேல் கொட்டினார். மெழுகுவர்த்தி பார்டர் போட்ட அட்டைகள் கீபோர்டு மேலெல்லாம் சிதறின.

“அக்கா, மாமா செத்துட்டாரா?”

அக்கா எழுந்து நின்றார். முதலில் அவர் கை தாலிக்குத்தான் போனது. அன்றைக்கு அது உள்ளே இருந்தது.

“யாருடா சொன்னது?”

“நீதான் சொல்லியிருக்க. மெழுகுவத்தி போட்டு, இளைப்பாற்றினு போட்டு.”

“அது கோயிலுக்குடா.”

“கோயிலுக்கு செத்துட்டாரு, எனக்கு மட்டும் உயிரோட இருக்காரா?” பாஸ்டரின் குரல் உடைந்தது. “வாரா வாரம் பட்டினி கெடந்து அழறேன்க்கா. எங்கூட சபையே அழுவுது. செத்தவருக்காகவா? அது எவ்ளோ பெரிய தப்புனு உனக்குத் தெரியாதா?”

“போயிட்டாருனு நான் சொல்லலையே.”

“அப்ப இது என்னாக்கா?”

“எதுக்கும் இருக்கட்டும்னு…”

“ஆண்டவர்கிட்ட போய் எதுக்கும் இருக்கட்டும்னு நிக்க முடியாது. ஒண்ணு சொல்லு. இருக்காரா, இல்லையா?”

முதலாளி பிரின்டரை நிறுத்திவிட்டார். வெளியே யாரோ பேனர் ஆயிடுச்சா என்று கேட்டார்கள். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

“இல்லன்னு சொல்றேன்னு வெச்சுக்கோ. நீ ஜெபத்த நிறுத்திடுவ. அவரு ஏதோ ஒரு ஊரு ஆஸ்பத்திரில பேரு கூட சொல்லத் தெரியாம கெடந்தா? இருக்காருனு சொல்லி நான் பூசைய நிறுத்திட்டு, அவரு அங்க நெருப்புல நின்னுனு இருந்தா? யாராவது நம்மள நெனைக்கறாங்களானு பாத்துனு இருந்தா? எனக்குத் தெரியலடா. தெரிஞ்சா ஒண்ணுதான் பண்ணுவேன். தெரியாததாலதான் ரெண்டும் பண்றேன்.”

பாஸ்டர் வாசல் பக்கம் திரும்பினார். “என் மனசாட்சி ஒத்துக்கலக்கா. இனிமே அந்த ஜெபத்துல என்னால உக்கார முடியாது” என்றார். நோட்டீஸ் கவர் மேஜைமேலேயே இருந்தது. அதை எடுக்காமல் போய்விட்டார்.

அக்கா கீழே குனிந்து அட்டைகளைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். எனக்கு அந்தப் பாஸ்டர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் யோசித்தால் அவர் பக்கமும் ஒரு ஞாயம் தெரிந்தது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் கெட்டுப்போயின. மற்ற நாட்களில் அக்கா எப்போதும்போலத்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். “இந்நேரம் அவன் சாப்புட்டிருப்பான் தம்பி” என்பார். தம்பி பட்டினி கிடக்கவில்லையே என்று ஒரு அக்கா தவித்ததை நான் அங்கேதான் பார்த்தேன். கொஞ்ச நாளில் அவரே வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்க ஆரம்பித்தார். சோறு நிறைந்த டப்பா மட்டும் வழக்கம்போல வரும். அதை என்னிடம் தள்ளிவிடுவார். “என் ஜெபம் அவன் ஜெபம் மாதிரி இருக்காது. அவன் அழுது ஜெபிப்பான்” என்பார்.

கோயில் ஃபாதரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். உயிரோடு இருப்பவருக்கு ஆத்தும பூசை வைத்துவிட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கடவுளுக்குத் தெரியும், எந்த ஜெபமும் வீணாகாது என்று ஃபாதர் சொன்னாராம். நல்ல பதில்தானே என்றேன். “அவருக்கென்ன, நல்லாதான் சொல்லுவாரு” என்றார் அக்கா. “அவரு வீட்லயா ஆளு காணோம்?”

பாஸ்டர் வரவில்லை. அக்கா போன் செய்தால் எடுத்து நலம் விசாரிப்பார். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் தொடவில்லை. ஒரு நாள் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னார். “நான் இல்லாம போனாலும் அந்த ரெண்டு ஃபைலையும் அழிச்சிடாத தம்பி.”

“நீங்க எங்க போறீங்க?”

“அதான் தெரியலையே” என்றார். சிரிக்கவில்லை.

தை போய் மாசி பிறந்த ஒரு காலையில், வேலைக்கு வர பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் மயங்கி விழுந்தார். எழவில்லை. கைப்பையில் குடை இருந்தது, மடித்த பிளாஸ்டிக் கவர் இருந்தது, நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரைகூட இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று என்றைக்கோ வாங்கி வைத்திருந்தார். எடுக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. சாகப்போகிறவர்களுக்குச் செய்வதுபோல ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசவும் நேரம் கிடைக்கவில்லை.

போஸ்டருக்குப் பாஸ்டர்தான் வந்தார். கண் வீங்கியிருந்தது. எந்த வாசகம் போடட்டும் என்று கேட்டேன். “அக்கா சபைல எப்படிப் போடுவாங்களோ அப்படியே போடுங்க பிரதர்” என்றார். இறைவனில் இளைப்பாறினார் என்று போட்டேன். அடுத்த வரியில் என் விரல்கள் பழக்கத்தில் ‘காலஞ்சென்ற’ என்று அடித்து, அவருடைய வீட்டுக்காரர் பெயரையும் அடித்து, ‘அவர்களின் மனைவி’ என்று முடித்துவிட்டன. பாஸ்டர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த முதல் சொல்லை அழித்தேன். அடக்கத்தன்று ஃபாதர் ஜெபம் சொல்ல, எல்லாரும் பதில் சொல்ல, பாஸ்டர் மட்டும் வாயை மூடிக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றார்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மறுபடியும் கடைக்கு வந்தார். அக்காவுக்குக் கிரானைட் கல் வைக்கிறார். கல்லில் எழுத்து வெட்டுகிறவர், வாசகத்தைப் பேப்பரில் பிரின்ட் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அதைக் கல்மேல் ஒட்டி, அச்சு மாறாமல் வெட்டுவார். அக்கா பெயர், தேதிகள், அதற்குக் கீழே இன்னாரின் மனைவி என்ற வரி. டைப் செய்து காட்டினேன்.

“மாமா பேருக்கு முன்னாடி அந்த வார்த்தைய போடுங்க பிரதர்.”

நான் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது தகவல் வந்துவிட்டதோ என்று பயந்தேன்.

“தகவல் ஒண்ணும் இல்ல. எவ்ளோ எடம் எடுக்குதுனு பாக்கணும்.”

‘காலஞ்சென்ற’ என்று போட்டேன். வரி இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் கொடுத்தது.

“இப்ப அத மட்டும் எடுத்துடுங்க. எடம் அப்படியே இருக்கட்டும்.”

எடுத்தேன். கம்ப்யூட்டர் உடனே வரியை இழுத்து நடுவில் நிறுத்தி இடைவெளியை மூடிவிட்டது. மறுபடியும் சொல்லைப் போட்டு, அந்தச் சொல்லுக்கு மட்டும் வெள்ளை நிறம் கொடுத்தேன். இப்போது வெறும் இடம்தான் தெரிந்தது. சொல் உள்ளே இருந்தது.

“கல்லு பாக்க ஒரு மாதிரி இருக்கும் பாஸ்டர். எழுத மறந்துட்டாங்கனு நெனைப்பாங்க.”

“பரவால்ல. பின்னால தெரிஞ்சா வெட்டிக்கலாம். தெரியலன்னா அப்படியே…” அவர் ஸ்கிரீனில் அந்த இடத்தை விரலால் தொட்டார். “எதுக்கும் இருக்கட்டும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். நான் ஃபைலைச் சேவ் செய்தேன். அக்காவின் பென் டிரைவ் என்னிடம்தான் இருந்தது, அதிலும் ஏற்றினேன்.

கல்லறைத் திருநாளன்று நானும் போனேன். எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு தூரத்தில் வந்துகொண்டிருந்தார். அக்காவின் கறுப்புக் கல் முன்னால் வெள்ளைச் சட்டையில் பாஸ்டர் நின்றிருந்தார். கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்துகொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

“மாமாவுக்குத்தான் ஜெபிக்கறேன் பிரதர். மாமா திரும்பி வரணும்னு. அவரு பேருக்கு முன்னாடிதான் ஒண்ணும் போடலையே. தப்பு இல்ல.”

“தப்பு இல்லங்க” என்றேன்.

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் கொண்டுவந்த மெழுகுவர்த்தியைக் கல்லின் ஓரத்தில் வைத்து, காற்றில் அணையாமல் இருக்கக் கையைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்தவர்களுக்குக் காது கேட்காது என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிறவர் அவர். தலைக்கு மேல் அவர் குரல் கேட்டது.

“நிறுத்தலக்கா” என்றார். “ஒரு வெள்ளிக்கிழமை கூட நான் நிறுத்தலக்கா.”